சுங்கானும் சில சொற்களும்

தமிழில் தூது அனுப்பப்பட்டவற்றின் வரிசை நீளமானது. அன்னமும் கிளியும் வண்டும் மேகமும் போயின. பிறகு நெஞ்சு போயிற்று, தமிழே போயிற்று, பணம் போயிற்று, புகையிலையும் போயிற்று. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூதாக விடுத்துப் பாடிய 'புகையிலை விடு தூது', உ.வே.சாமிநாதையர் பதிப்பித்ததால் நம் கைக்கு எட்டிய நூல். மும்மூர்த்திகள் மூவரும் ஆளுக்கோர் இலையைப் பெற்றுச் சென்றார்களாம். சிவனுடைய வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போயிற்று. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டது. நான்முகனின் இலை மட்டும் கலைமகளிடம் பத்திரமாக இருந்தது. மற்ற இரண்டும் போய்விட, போகாமல் நின்ற இலை 'போகையிலை' ஆகி, அதுவே 'புகையிலை' ஆயிற்று என்று அந்நூல் கதை சொல்கிறது.

சிற்றிலக்கியம் நடத்தும் ஆண்டுகளில் வகுப்பு தவறாமல் சிரிக்கும் இடம் இது. சிரிப்பு அடங்கிய பின் ஒன்றைச் சொல்வதுண்டு. அமெரிக்கக் கண்டத்து இலை இது. போர்த்துக்கீசியரின் கப்பல்களில் இந்தியக் கரைக்கு வந்தது. அக்பரின் அவையைச் சேர்ந்த அசத் பேக், 1604 வாக்கில் பிஜப்பூரிலிருந்து இதையும் இதைப் புகைக்கும் குழாயையும் அரசருக்குப் புதுமைப் பொருளாகக் கொண்டுவந்து காட்டினார். அப்படி வந்தேறிய ஓர் இலைக்கு, வில்வத்துக்கும் துளசிக்கும் பக்கத்தில் இடம் போட்டுக்கொடுத்துவிட்டது தமிழ். புதிய சுவை ஒன்று நாக்கில் தங்குவதற்கு அதற்கொரு கதையும் ஒரு சொல்லும் தேவைப்படுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியாது.

இங்கே 'நாங்கள்' என்பது மூவர். தமிழ் நடத்துபவர், வேதியியல் நடத்துபவர், வரலாறு நடத்துபவர். மூவரும் ஒரே கல்லூரி, மூவருக்கும் வயது நாற்பதுகளில். 2017ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ மூன்றாண்டுகள், ஞாயிறு மாலைகளில் வேதியியல்காரர் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் சுங்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். 'பைப்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆயினும் அகராதியில் அழகான சொல் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று தமிழ்த்துறை வற்புறுத்தியதால் எங்களுக்குள் அது சுங்கானாகவே நிலைத்தது.

*

எங்கள் தலைமுறைக்குச் சுங்கான் என்றால் 'கௌரவம்' படத்து பாரிஸ்டர் ரஜினிகாந்த்தான். 1973இல் வந்த அந்தப் படத்தில் சிவாஜி கணேசன் வாயின் ஓரத்தில் அதைக் கடித்தபடி பேசும்போது, செல்வமும் செருக்கும் அந்தச் சிறு கிண்ணத்திலிருந்து புகைந்துகொண்டிருக்கும். உண்மைப் பொருளைக் கையில் எடுத்ததும் அந்தச் செருக்கெல்லாம் போய்விடுகிறது. பத்து நிமிடத்தில் எட்டுத் தீக்குச்சி செலவழிப்பவனிடம் கம்பீரம் எப்படி இருக்கும்?

டப்ளினில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் தம் வேதியியல் ஆசிரியருக்கு ஒரு சுங்கானைப் பரிசாகக் கொண்டுவந்ததில் இது தொடங்கியது. மற்ற இரண்டும் அடுத்தடுத்த விடுமுறைகளில் வந்தன. மூன்றும் பிரையர் கட்டையில் செய்தவை. பிரையர் என்பது மத்திய தரைக்கடலைச் சுற்றிய வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் எரிக்கா அர்போரியா என்னும் புதர்ச்செடியின் வேர்த்தலைப்பில் திரளும் முண்டு. அதைத் தோண்டியெடுத்து, வேகவைத்து, மாதக்கணக்கில் உலரவைத்துக் கடைகிறார்கள். நெருப்பை உள்ளே வைத்துக்கொண்டும் தான் எரியாத கட்டை அது. பிரான்சின் ஜுரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் குளோட் என்னும் சிற்றூர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதற்கு முன் ஐரோப்பா பெரும்பாலும் களிமண் குழாயில் புகைத்தது. துருக்கியின் எஸ்கிஷெகிரில் வெட்டியெடுக்கும் மீர்ஷாம் என்னும் மென்மையான வெண்கனிமத்திலும் சுங்கான் செதுக்குகிறார்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்றோர் ஊரில் 1869 முதல் மக்காச்சோளச் சக்கையில் செய்கிறார்கள். சோளச் சக்கைதான் விலை குறைந்தது. தொடக்கக்காரனுக்கு அதுவே போதும் என்று பின்னால் அறிந்தோம்.

புகையிலையை நிரப்புவது தனிக்கலை. முதற்பிடியைக் குழந்தையின் கையாலும், இரண்டாவதைப் பெண்ணின் கையாலும், மூன்றாவதை ஆணின் கையாலும் அழுத்த வேண்டும் என்பது அவர்களிடையே வழங்கும் பழைய பாடம். அடியில் தளர்வு, மேலே இறுக்கம் என்பது பொருள். முதலில் பற்றவைக்கும் நெருப்பு மேற்பரப்பைக் கருக்கி இலையை உப்பச் செய்வதற்கு மட்டுமே. அதை மெல்ல அழுத்தி அணையவிட்டு, இரண்டாம் முறை பற்றவைப்பதுதான் உண்மைத் தீ. பிறகு இழுக்கக் கூடாது. சுடுகாப்பியை உறிஞ்சுவதைப்போல் நாவின் நுனியால் அவ்வப்போது கொஞ்சம். புகையை நெஞ்சுக்குள் வாங்குவது கிடையாது. அவசரப்பட்டால் கிண்ணம் கையைச் சுடும், புகை நாக்கைச் சுடும், தண்டுக்குள் நீர் கோத்துக் களகளவென்று ஒலிக்கும். ஒரு முறை புகைத்த சுங்கானை ஒரு நாளாவது ஆறவிட வேண்டும். நாள்தோறும் ஐந்து வகுப்பு, மாதந்தோறும் ஒரு மதிப்பீட்டுப் படிவம் என்று ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு, வேகமாகச் செய்தால் கெட்டுப்போகிற ஒரு வேலை கிடைத்ததே பெரிய நிம்மதியாக இருந்தது.

*

மாணவர் விடுமுறைக்கு வரும்போது புகையிலை கொண்டுவருவார். 2016ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகள் ஒருவருக்கு 125 கிராம் புகையிலையை அனுமதித்தன. 50 கிராம் டப்பா என்றால் இரண்டு, மூன்றாவதற்கு இடமில்லை. உலகத்தில் உள்ள நூற்றுக்கணக்கான கலவைகளுள் ஆண்டுக்கு இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புத்தகக் கண்காட்சியில் கையில் உள்ள பணத்துக்கு இரண்டே நூல் வாங்க முடிந்த மாணவப் பருவத்தை அது நினைவூட்டியது. வாங்கிய இரண்டைவிட வாங்காத இருபதைப் பற்றித்தான் அன்றும் அதிகம் பேசினோம்.

தொடக்கக்காரர்கள் வழக்கமாக நறுமணமூட்டிய கலவையில்தான் கால்வைக்கிறார்கள். நாங்களும் அப்படியே. வெனிலா, செர்ரி, ரம் என்று ஏற்றிய வாசனை டப்பாவைத் திறந்ததும் குழந்தைகளைக்கூட மாடிக்கு இழுத்துவரும். அவர்களைத் திருப்பி அனுப்புவதே பெரும்பாடு. புகைப்பவனுக்கோ சூடான நீராவிதான் மிச்சம். அந்த வகைக் கலவைகளில் ஈரம் மிகுதி, அந்த ஈரம் ஆவியாகி நாக்கைச் சுடுகிறது என்று வேதியியல்காரர் விளக்கினார். ஒரு மணிநேரம் தாளில் பரப்பி உலர்த்திய பிறகு நிலைமை சீர்பட்டது. ஆயினும் வாசனை அறைக்கு, சுவை யாருக்கு என்ற கேள்வி எழுந்துவிட்டது. அங்கிருந்து இலைகளையே அறியத் தொடங்கினோம்.

நான்கைந்து இலைகள்தான் அடிப்படை. வர்ஜினியா, சூடேற்றிய கொட்டகையில் விரைவாகப் பதப்படுவது. அதன் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுவதால் இனிப்பும் உண்டு, அவசரக்காரனின் நாக்கைக் கடிக்கும் குணமும் உண்டு. பர்லி, காற்றிலே தொங்கி வாரக்கணக்கில் உலர்வது. சர்க்கரை அநேகமாக இல்லை. எந்த வாசனையைத் தெளித்தாலும் குடித்துக்கொள்ளும். அதன் புகை காரத்தன்மை உடையதாகையால், உள்ளிழுக்காமலே வாயின் தோல் வழியாக நிக்கோட்டின் ஏறிவிடும் என்பதும் வேதியியல்காரர் சொன்னதுதான். கீழை இலைகள் எனப்படுபவை துருக்கி, கிரேக்கப் பகுதிகளின் வெயிலில் காய்ந்த சிற்றிலைகள். லடாக்கியா, சிரியாவின் துறைமுகத்துப் பெயரைத் தாங்கியது. மணமுள்ள விறகுப் புகையில் நெடுநாள் மூட்டம் போட்டுக் கருமையாக்கப்படுவது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைப்ரஸ் இதற்குப் பெயர்பெற்றது. பெரீக், அமெரிக்காவின் லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் என்னும் ஒரே வட்டாரத்தின் பிள்ளை. மரப்பீப்பாயில் அழுத்தி, தன் சாற்றிலேயே ஓராண்டளவு புளிக்கவைக்கும் இலை. கறிக்கு மிளகு போல அதைச் சிறிதளவே சேர்க்கிறார்கள்.

எந்த இலை எவ்வளவு என்பதே கலவையின் இலக்கணம். நாங்கள் முதலில் விரும்பிக் கேட்டது டன்ஹில் நிறுவனத்தின் 'ஏர்லி மார்னிங் பைப்'. வர்ஜினியாவும் கீழை இலையும் கொஞ்சம் லடாக்கியாவும் சேர்ந்த மென்மையான கலவை. 2018இல் டன்ஹில் பெயரில் குழாய்ப் புகையிலை வருவது நின்றுபோயிற்று. அதே கலவைகள் பின்னர் டப்ளினின் பீட்டர்சன் பெயரில் வந்தன. பதிப்பகம் மாறிய நூலை வாங்குவதுபோல, உள்ளே பாடம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை தமிழ்த்துறைக்கு. பழைய பதிப்பு கையில் இல்லாததால் அந்த ஆராய்ச்சி நடக்கவில்லை.

*

எங்களை உண்மையில் பிடித்துக்கொண்டது புகையைவிடச் சொற்கள்தான். டப்பாவின் மேலும் விற்பனைப் பட்டியல்களிலும் ஒவ்வொரு கலவைக்கும் ஆங்கிலத்தில் ஒரு வருணனை இருக்கும். வர்ஜினியா என்றால் உலர்புல். லடாக்கியா என்றால் காட்டில் மூட்டிய முகாம்தீ, பழைய தோல். பெரீக் என்றால் வேகவைத்த அத்தி. முதல் ஆறு மாதம் நாங்கள் புகைத்தது இலையையா வருணனையையா என்று சொல்வது கடினம். அட்டையில் அத்தி என்று இருந்தால் மூவருக்கும் அத்தி மணத்தது. எங்களுள் எவரும் வேகவைத்த அத்தியைத் தின்றதில்லை.

ஒரு ஞாயிறன்று வரலாற்றுக்காரர் கேட்டார்: "சார், இந்த உலர்புல் வாசனையை நீங்கள் எங்கே மோந்திருக்கிறீர்கள்?" எங்களிடம் விடையில்லை. இங்கிலாந்துக்காரன் சொல்லும் உலர்புல் கோடையில் அறுத்துக் காயவைத்த புல்வெளிப் புல். அதை வைக்கோல் என்று மொழிபெயர்த்தால் போதாது; நம்முடையது நெல்லின் தாள், அதன் வாசனையே வேறு. அந்த வருணனைகள் யாரோ ஒருவருடைய இளமைக்காலத்தின் சரக்கறை. அவர்களுடைய முகாம்தீ, அவர்களுடைய குதிரைச்சேணம், அவர்களுடைய கிறிஸ்துமஸ் பலகாரம். அதில் பொய் இல்லை. அது எங்களுக்குச் சொன்னதன்று, அவ்வளவே.

அன்றிலிருந்து ஒரு விதி வகுத்தோம். டப்பாவின் வருணனையைப் படிக்கக் கூடாது. மூவரும் தனித்தனித் தாளில் தமிழில் எழுத வேண்டும். தான் நேரில் மோந்ததை மட்டுமே எழுத வேண்டும். தொடக்கத்தில் தாள்கள் வெறுமையாக இருந்தன. சங்கப் பாடல்களில் மலர்களை வரிசையாக ஒப்பிப்பவருக்குத் தம் மூக்கில் ஏறிய ஒன்றைச் சொல்லச் சொல் வரவில்லை. மெல்ல மெல்லச் சொற்கள் வந்தன. வர்ஜினியாவுக்குத் தை மாதத்து வைக்கோற்போரின் உட்புறம் என்று ஒருவர் எழுதினார்; கையை உள்ளே விட்டால் இளஞ்சூடு இருக்குமே, அந்த இடம். பர்லிக்கு வறுத்த வேர்க்கடலையின் செந்தோல். பெரீக்குக்கு ஊறிய பழம்புளியில் இடித்த மிளகு. லடாக்கியாவுக்கு விறகடுப்பின் மேலிருக்கும் பரண்.

பல ஞாயிறுகளில் மூன்று தாள்களும் மூன்று விதமாக இருக்கும். சண்டை போடுவோம். எப்போதாவது ஒரு சொல் மூவருக்கும் ஒரே நேரத்தில் பொருந்திவிடும். நல்ல உரையாசிரியர் ஒரு பழஞ்சொல்லுக்குச் சரியான பொருள் கண்டுவிட்டால் வகுப்பில் ஓர் அமைதி விழுமே, அது போன்ற அமைதி.

*

இந்த விளையாட்டில் எப்போதும் முந்துபவர் வரலாற்றுக்காரர். அதற்குக் காரணம் உண்டு. அவருடைய தாத்தா உறையூரில் சுருட்டுத் தொழிலாளியாக இருந்தவர். ஆங்கிலேயர் காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு கடல்கடந்து புகழ்பெற்றிருந்தது. ஆர்தர் கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல்லே நம் 'சுருட்டு'தான். புகையிலையை நாம் கடனாகப் பெற்றோம்; அதைச் சுருட்டும் சொல்லைக் கடனாகக் கொடுத்தோம்.

இலையும் தொலைவில் இல்லை. நாங்கள் அயர்லாந்திலிருந்து வரவழைத்த வர்ஜினியா, குண்டூரிலும் ராஜமுந்திரிப் பக்கத்திலும் ஏராளமாக விளைகிறது. 1947இல் ராஜமுந்திரியில் தொடங்கிய மத்தியப் புகையிலை ஆய்வு நிறுவனம், சுருட்டுக்கும் மெல்லுவதற்குமான இலைகளை ஆராய நம் வேடசந்தூரிலும் ஒரு நிலையத்தை வைத்தது. வரலாற்றுக்காரர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, தாத்தாவின் வீட்டுத் திண்ணையை அடுத்த அறையைப் பற்றிச் சொல்வார்: நனைத்த கோணியால் மூடிய இலைச் சிப்பங்கள், பாகு மணம், தாத்தாவின் விரல் நுனிகளில் எத்தனை கழுவினாலும் போகாத கறை. பேரன் அந்த அறைக்குள் நுழையக் கூடாது என்பது தாத்தாவின் கட்டளை. "இது எங்களோட போகட்டும்" என்பாராம். பேரன் படித்தார், விரிவுரையாளர் ஆனார், நாற்பத்து நான்காம் வயதில் அயர்லாந்துச் சுங்கானின் வழியாக அந்த அறைக்குள் நுழைந்தார்.

*

2019இன் இறுதியில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவதற்காக அவர் பல் மருத்துவரிடம் போனார். மருத்துவர் பல்லை விட்டுவிட்டு மேலண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அண்ணம் வெளுத்து, வெண்மைக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. "சுருட்டை நெருப்பு உள்ளே இருக்கும்படி வைத்துப் புகைப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறார். ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெண்கள் அப்படிப் புகைக்கும் வழக்கம் உண்டு. அதனால் அண்ணத்தில் வரும் புற்று மருத்துவ நூல்களில் பதிவானது. சுங்கான் என்றதும் மருத்துவர் தலையசைத்தார். சுங்கான் புகையின் வெம்மையால் அண்ணம் வெளுப்பதும் நூல்களில் உள்ளதே. அநேகமாகத் தீங்கற்றது, புகைப்பதை விட்டால் மறையும் என்றார். ஆனாலும் ஓர் இடத்தில் ஐயம் இருந்ததால் சிறு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் நாங்கள் மூவரும் மாலையில் சந்தித்தோம். சுங்கான்கள் அலமாரியில் இருந்தன. அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. தேர்வுத்தாள், சம்பளக்குழு, மழை என்று பேசினோம். உள்ளிழுக்காத புகை தீங்கற்றது என்று சுங்கான் பிடிப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. அது உண்மையன்று என்பதை முன்பே நாங்கள் அறிந்திருந்தோம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1986இலேயே புகையிலைப் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது. குழாய்க்கு விலக்கு எதுவும் தரவில்லை. உதடு, நாக்கு, வாய், தொண்டை, உணவுக்குழாய் என்று அந்தப் பட்டியல் போகிறது. அறிந்திருப்பதற்கும், நம் நண்பரின் வாயிலிருந்து வெட்டிய ஒரு துணுக்கு ஏதோ ஓர் ஆய்வகத்தில் இருப்பதை எண்ணிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

முடிவில் தீங்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அவர் அன்றே நிறுத்தினார். சில மாதங்களில் அண்ணம் பழைய நிறத்துக்குத் திரும்பிற்று. நாங்கள் இருவரும் என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்களுக்குள் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல் மாடிக்கு வந்து, "நீங்கள் பற்றவையுங்கள் சார், எனக்கு வாசனை போதும்" என்றார். தீக்குச்சியைக் கையில் எடுத்த வேதியியல்காரர் அதைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் ஞாயிறு நிற்கவில்லை. வர்ஜினியா இலை காற்றுப்புகாத சாடியில் ஆண்டுக்கணக்கில் முதிரும் என்பதால், 2019இல் வந்த தகடு வகை ஒன்றைப் பிரித்துச் சாடியில் இட்டு, தேதி எழுதி ஒட்டியிருந்தார் வரலாற்றுக்காரர். லடாக்கியா கலந்த கலவையும் பாதிச்சாடி மிஞ்சியிருந்தது. அவற்றை எறிந்துவிட எவருக்கும் கை வரவில்லை. இன்றும் எப்போதாவது ஒரு சாடியைத் திறக்கிறோம். மூவரும் மோந்து பார்த்து, மூடி, தாளை எடுத்து எழுதுகிறோம். நெருப்பும் புகையும் இல்லாமல் மூக்கு முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. நிறுத்திவிட்டோம் என்று எங்கும் சத்தியம் செய்ததில்லை. ஆயினும் சுங்கான்கள் மூன்றும் அன்று வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இதைப் படிப்பவர் எவரேனும் சுங்கான் வாங்கும் எண்ணத்தில் இருந்தால், அண்ணத்தைப் பற்றிச் சொன்ன பகுதியை இன்னொரு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

லடாக்கியாவுக்கு நாங்கள் எழுதிய பரண் என்னும் சொல் மூவருக்கும் முழுமையாக நிறைவளித்ததில்லை. புகை இருந்தது, கருமை இருந்தது. அதிலுள்ள ஈரம் மட்டும் அந்தச் சொல்லில் அகப்படவில்லை. சென்ற மழைக்காலத்தில் வரலாற்றுக்காரர் சாடியை மோந்துவிட்டு, நெடுநேரம் கழித்து எழுதினார்: 'கூரைவீடு, அடுப்புப் புகை ஏறிய கீற்று, மழை நின்ற பிறகு உள்ளேயிருந்து.' தாளை வாங்கிப் படித்த நாங்கள் இருவரும் அதன் கீழே எதையும் எழுதவில்லை. அது தாத்தாவின் வீடா என்று கேட்கவும் இல்லை.